நகம் மாட்டும் இடம்

காலையில் அந்தக் கீறல் ஒரு சாண்தான் இருந்தது. சாண் போட்டு அளந்தது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. கட்டைவிரலை ஒரு முனையில் ஊன்றிச் சுண்டுவிரலை நீட்டியபோது மறுமுனை சரியாக விரல் நுனியில் வந்து நின்றது. மத்தியானம் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு, பெயிண்ட் கடையில் வாங்கிய பையோடு கார் ஷெட்டுக்குள் வந்து மறுபடி அளந்தபோது சாண் போதவில்லை. இன்னும் இரண்டு விரல்கடை மிச்சம் இருந்தது.

பாத்திரம் கழுவிய ஈரத்தில் கை சுருங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஈரத்தில் கை இரண்டு விரல்கடை சுருங்கும் என்பது அந்த நிமிடம் அவளே கண்டுபிடித்த விஞ்ஞானம். பயந்தவர்களுக்கு இந்த மாதிரி விஞ்ஞானமெல்லாம் உடனுக்குடன் கிடைத்துவிடும்.

கார் கணவருடையது. கரும்பச்சை. அக்கம்பக்கத்தில் வேறு யாரிடமும் இல்லாத நிறம் என்பதில் அவருக்கு உள்ளூரப் பெருமை. மூன்று நாள் பயிற்சி வகுப்புக்காக அலுவலக வண்டியில் வெளியூர் போயிருந்தார். இன்று சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு வந்துவிடுவார். கார் சாவியை மேசை இழுப்பறையில் கைக்குட்டைகளோடு போட்டுவிட்டுப் போயிருந்தார். ஒளித்துவைக்கும் அளவுக்குக்கூட அவளை அவர் மதித்ததில்லை. அதனால்தான் நேற்று அவளால் காரை எடுக்க முடிந்தது.

போனது ஒரு பல் மருத்துவமனைக்கு. பல்வலி எதுவும் இல்லை, வரவேற்பில் உட்கார அங்கே ஆள் தேவைப்பட்டது. பத்து நிமிடம் பேசினார்கள், ஒரு படிவத்தை நிரப்பச் சொன்னார்கள், திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வந்துவிடுங்கள் என்றார்கள். கல்யாணமான இந்த இரண்டு வருடத்தில் இத்தனை மணிக்கு வா என்று யாரும் அவளைக் கூப்பிட்டதே இல்லை. திரும்பும்போது வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்தாள். அந்தச் சந்தோஷத்தில் கேட்டுக்குள் வண்டியைத் திருப்புகையில் இடது பக்கத் தூணைக் கவனிக்கவில்லை. பின் கதவில் சர்ர்ரென்று ஒரு சத்தம் கேட்டது, அவ்வளவுதான்.

அவர் கத்தமாட்டார். கத்துகிற ஆளாக இருந்தால் எவ்வளவோ தேவலை. கத்தி முடித்ததும் ஓய்ந்துவிடும். போன வருடம் அவருடைய வெள்ளைச் சட்டையில் இஸ்திரிப் பெட்டியின் கறை பட்டுவிட்டது. "பரவாயில்லம்மா, போற வரைக்கும் துவை" என்றார். தினமும் சாயங்காலம் வந்ததும் சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். "இன்னும் போகல" என்பார், அதே தணிந்த குரலில். பதினோரு நாள் துவைத்தாள். பன்னிரண்டாம் நாள் கறையும் இல்லை, கறை இருந்த இடத்தில் துணியும் இல்லை. அதற்குப் பிறகுதான் விட்டார்.

நாளைக்கு, அவர் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருக்கும் நேரத்தில், வேலை விஷயத்தை மெதுவாகச் சொல்லிவிடலாம் என்று அவள் முடிவு செய்திருந்தாள். அதற்கு முன் கீறல் அவர் கண்ணில் பட்டால் தீர்ந்தது. கீறலில் தொடங்கும் பேச்சு கீறலிலேயே முடியும், வேலை என்ற சொல் தொண்டையிலேயே கிடக்கும், திங்கட்கிழமை தன்பாட்டுக்கு வந்து போய்விடும். ஆறு மணிக்குள் அந்தக் கதவு எதுவும் நடக்காதது மாதிரி இருக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

காலையில் பெயிண்ட் கடைக்காரரிடம் அவள் விஷயத்தைச் சொன்னபோது, அவர் டப்பாக்களுக்கு நடுவிலிருந்து தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"நகத்தை வச்சு இழுத்துப் பாத்தீங்களாம்மா?"

"இல்லண்ணே. எதுக்கு?"

"நகம் மாட்டலைன்னா மேலோட்டம், பாலிஷ்லயே போயிடும். மாட்டுச்சுன்னா ஆழம். தேய்ச்சு, கலர் வச்சு, அதுக்கு மேல பளபளப்புக்குக் கிளியர் வைக்கணும். நகம் மாட்டுச்சுன்னா நீங்க மாட்டினீங்கன்னு அர்த்தம்."

சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். தினம் பத்து பேரிடம் சொல்லும் ஜோக் என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. அவளும் மரியாதைக்குச் சிரித்து வைத்தாள். வண்டியின் நிற எண்ணைச் சொன்னதும் அவருடைய சிரிப்பு நின்றது.

"கரும்பச்சை," என்றார். "பின் கதவு. இடது பக்கம்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இந்தக் கலர்ல இந்தப் பக்கம் ஒரே வண்டிதாம்மா. முன்னாடி ஒரு அம்மா வருவாங்க. மூணு தடவை வந்தாங்க. மூணு தடவையும் அதே கதவு, அதே இடம். எவ்வளவு தேய்ச்சாலும் திரும்ப வருதுங்கன்னு அழுதாங்க. ஒழுங்காத் தேய்ச்சிருக்க மாட்டீங்கன்னு நான்தான் திட்டி அனுப்பினேன். அப்புறம் வரல. சரியாயிடுச்சு போல."

அந்த அம்மா யாரென்று அவளுக்குத் தெரியும். கணவருக்கு இது இரண்டாவது கல்யாணம். முதல் மனைவி ஒரு சனிக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாள் என்று கல்யாணப் பேச்சை எடுத்த அன்றே சொல்லிவிட்டார்கள். எங்கே போனாள் என்று இவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றியது.

"வேலை பாக்கும்போது ஷட்டரை இழுத்து விட்டுடுங்க," என்றார் கடைக்காரர் பையை நீட்டியபடி. "ஃபேனும் போடாதீங்க. காயற வரைக்கும் ஒரு தூசி உக்காரக் கூடாது."

அதன்படியே ஷட்டரை இழுத்து இறக்கினாள். மத்தியான வெயில் தரையோடு ஒரு கோடாகச் சுருங்கி அணைந்தது. ஷெட்டில் ஜன்னல் கிடையாது. வீட்டுக்குள்ளிருந்து வர ஒரு கதவு உண்டு, சமையலறைக்குப் போகும் நடையில் திறப்பது. டியூப் லைட்டின் சுவிட்சும் அந்த நடையில்தான் இருந்தது. போன் சமையலறையில் சார்ஜில் கிடந்தது. டியூப் லைட் மெலிதாக இரைந்துகொண்டிருக்க, பழைய டயர், உலர்ந்த எண்ணெய், எப்போதோ சிந்திய தின்னர் எல்லாம் கலந்த வாசனை, காற்றோட்டம் நின்றதும் மெல்ல எழுந்து வந்து அவள் முகத்துக்கு நேரே நின்றது.

ஷட்டரின் உட்புறமும் ஆள் உயரம்வரை கரும்பச்சைதான். மீந்த பெயிண்டை வீணாக்க மனம் வராமல் கணவர் அடித்துவைத்தது என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள். அவருடைய சிக்கனத்துக்கு அது பொருத்தமாகவே இருந்தது.

கதவைச் சோப்புத் தண்ணீரால் கழுவித் துடைத்தாள். கீறலைச் சுற்றி நான்கு பக்கமும் டேப் ஒட்டினாள். பிறகு, கடைக்காரர் சொன்னபடி, ஆள்காட்டி விரல் நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே வைத்து மெதுவாக இழுத்தாள். மாட்டியது.

நைசான உப்புத்தாளான வாட்டர் பேப்பரைப் பக்கெட் தண்ணீரில் ஊறவைத்து எடுத்தாள். இரண்டாயிரம் நம்பர் தாள், தொட்டால் துணி மாதிரிதான் இருக்கும். அழுத்தாமல், ஒரே திசையில், கீறலின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். சர்ரக், சர்ரக் என்று ஒரு சீரான சத்தம் எழுந்தது. பச்சை கலந்த பால் போன்ற தண்ணீர் கதவில் வழிந்து அவள் முழங்கை வரை வந்து சொட்டியது. அந்தச் சத்தத்தில், அந்த அசைவில், கொஞ்ச நேரம் பயம்கூட மறந்து, திங்கட்கிழமை என்ன உடுத்துவது என்ற யோசனைக்குள் போய்விட்டாள். பிறகு தாளை நனைப்பதற்காகக் கையை எடுத்தாள்.

சர்ரக்.

கை பக்கெட்டுக்கு மேல் இருந்தது. தாள் கையில் இருந்தது.

வெயிலில் ஷட்டர் தகரம் விரிந்திருக்கும். விஞ்ஞானம் மறுபடி கைகொடுத்தது. ஆனால் இந்த முறை அவள் எண்ணிக்கொண்டு தேய்த்தாள். பத்து இழுப்பு இழுத்துவிட்டு நிறுத்தினாள். பதினொன்றாவது இழுப்பு கேட்டது. கதவின் உள்ளேயிருந்து வருகிற மாதிரியும் இருந்தது, அவள் காதின் உள்ளேயிருந்து வருகிற மாதிரியும் இருந்தது. ஆறு இழுத்தாள். ஏழாவது கேட்டது. முன்னதைவிடக் கொஞ்சம் நீளமாக.

வேலையை விட்டுவிட்டுப் போகலாம். போனால் ஆறு மணிக்குக் கீறலும் இருக்கும், அதைச் சுற்றித் தேய்த்த தடமும் இருக்கும். பாதி செய்த வேலையைவிடப் பெரிய சாட்சி கிடையாது. உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி தேய்த்தாள், எண்ணாமல், சத்தத்தைக் கேட்காமல் இருப்பதற்காக வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டு.

தண்ணீரின் நிறம் மாறியது. பச்சை போய்ச் சாம்பல் வழிந்தது. அது பட்டி, பள்ளத்தை நிரப்ப மாவு மாதிரி குழைத்துப் பூசுவார்களே, அது. ஆக, இங்கே ஏற்கெனவே யாரோ வேலை பார்த்திருக்கிறார்கள். இன்னும் இரண்டு இழுப்பில் மறுபடி பச்சை வந்தது. அதற்கடியில் மறுபடி சாம்பல். பிறகு பச்சை. பிறகு சாம்பல். மூன்று தடவை. இவ்வளவு மெல்லிய தாள் இவ்வளவு ஆழம் போகவே கூடாது. அவள் அழுத்தவும் இல்லை. தாளுக்கு அடியில் பெயிண்ட் தானாகவே விலகிக்கொடுத்தது.

மூன்றாவது பட்டியும் கரைந்தபோது கீழே இருந்தது தூண் போட்ட கீறல் அல்ல.

நான்கு கோடுகள். பக்கத்தில் பக்கத்தில், மேலிருந்து கீழாக, லேசாக வளைந்து. கொஞ்சம் தள்ளி ஐந்தாவதாக ஒரு குட்டைக் கோடு. தகரத்திலேயே இறங்கியிருந்தன. யோசிக்கும் முன்பே அவள் கை உயர்ந்து அந்தக் கோடுகளின் மேல் படிந்துவிட்டது. நான்கு விரலும் கட்டைவிரலும் அதனதன் இடத்தில் உட்கார்ந்தன.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். விரல் நுனியில் ஏதோ குத்தியிருந்தது. குனிந்து பார்த்தாள். வெளியிலிருந்து கீறினால் தகரத்தின் ஓரம் உள்பக்கமாக மடியும். இங்கே ஓரங்கள் வெளியே பிதுங்கியிருந்தன. ஐந்து கோட்டிலும் அப்படித்தான். உள்ளேயிருந்து வெளியே.

போதும். கீறலும் வேண்டாம், வேலையும் வேண்டாம். தாளைப் பக்கெட்டில் போட்டுவிட்டு நடைக் கதவுக்கு ஓடிக் கைப்பிடியைத் திருகினாள். திரும்பியது. தள்ளினாள். திறக்கவில்லை. இந்தக் கதவை அவள் தாழிடவில்லை. தாழ் அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

கதவுக்கு அந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று தரையில் இழுபட்டது. யாரோ பெருமூச்சோடு உட்கார்ந்தார்கள்.

"முடிஞ்சுதாம்மா?" என்றார் அவர்.

மணி நான்குகூட ஆகியிருக்காது.

"என்னங்க. எப்ப வந்தீங்க?"

"நீ தேய்க்க ஆரம்பிச்சப்பவே வந்துட்டேன். தொந்தரவு பண்ண வேண்டாமேன்னு இருந்தேன்."

"கதவு தாழ்ப்பாள் விழுந்திருக்குங்க. கொஞ்சம் திறங்க."

"விழல. நான்தான் போட்டேன்." செய்தித்தாளைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. "பல் டாக்டர் கிளினிக்லேருந்து போன் வந்துச்சும்மா. திங்கக்கிழமை வரும்போது ரெண்டு போட்டோ எடுத்துட்டு வரச் சொன்னாங்க."

படிவத்தில், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்ற இடத்தில், பழக்கதோஷத்தில் அவருடைய எண்ணை அவள்தான் எழுதியிருந்தாள். எங்கே எது கேட்டாலும் அந்த எண்ணைத்தான் கை எழுதும்.

"நானே சொல்லணும்னுதான் இருந்தேங்க. நாளைக்கு..."

"அவங்ககிட்ட நான் சொல்லிட்டேன். நீ வரலைன்னு."

திங்கட்கிழமை அங்கேயே முடிந்துபோனது. அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. இப்போது வேண்டியது வேலைகூட இல்லை, கதவு.

"சரிங்க. தப்புதான். நான் போகல. கதவைத் திறங்க, இங்க உள்ள என்னமோ சத்தம் கேக்குது. எனக்குப் பயமா இருக்கு."

"திறக்கறேம்மா. கீறல் போனதும் திறக்கறேன்." குரலில் கோபமே இல்லை. "கீறல் போகாமத் திறந்தா நாளைக்கு இன்னொண்ணு போடுவ. அவளும் இப்படித்தான், பாதியில விட்டுட்டா. நீ அப்படி இல்ல. அன்னிக்குச் சட்டையை எவ்வளவு நல்லாத் துவைச்ச."

அவள் ஷட்டருக்கு ஓடினாள். அடியில் விரல்களைக் கொடுத்துத் தூக்கினாள். ஒரு நூல் அளவு எழும்பி, வெளியே அவள் போடாத பூட்டில் இடித்து நின்றது. இரண்டு கையாலும் தட்டினாள். யாராவது இருக்கீங்களா என்று கத்தினாள். சனிக்கிழமை மத்தியானம் தெருவே தூங்கிக்கொண்டிருந்தது. உள்ளங்கை எரிந்தபோது ஷட்டரிலேயே சாய்ந்து நின்று, பிடிமானத்துக்காக விரல்களை அதில் பதித்தாள். பச்சைப் பெயிண்டுக்கு அடியில் நகம் மாட்டியது. கொஞ்சம் தள்ளி வைத்தாள். அங்கேயும் மாட்டியது. தோள் உயரத்தில், இடுப்பு உயரத்தில், தரையோரத்தில், எங்கே வைத்தாலும் மாட்டியது. ஷட்டர் முழுக்கக் கோடுகள். ஒவ்வொன்றிலும் பட்டி நிரப்பி, பக்குவமாகத் தேய்த்து, மேலே கரும்பச்சை பூசியிருந்தது. சிக்கனத்துக்காக அடித்த பெயிண்ட் அல்ல அது.

அவளுக்கு வாய் உலர்ந்துபோனது. தண்ணீர் இருந்தது பக்கெட்டில் மட்டும்தான்.

வேறு வழி தெரியாதபோது கை தெரிந்த வேலையைச் செய்யும். அவள் கார்க் கதவுக்கே திரும்பிப் போனாள். கோடுகளைப் பார்க்காமல், அவற்றைத் துடைத்தாள். பட்டியைக் குழைத்து நிரப்பினாள். காயக் காத்திருந்தாள். தேய்த்தாள். மெல்லிய தூரிகையால் பச்சையை ஒரு பூச்சு வைத்தாள், காத்திருந்தாள், இன்னொரு பூச்சு வைத்தாள். அதன்மேல் கிளியர். நேரம் எவ்வளவு போனதென்று தெரியவில்லை. ஷட்டர் அடியிலிருந்த வெளிச்சக் கோடு மஞ்சளாகி, சாம்பலாகி, ஒரு கட்டத்தில் அதைத் தேடவேண்டியிருந்தது. தின்னர் வாசனையில் தலை கனத்தது. நடைப் பக்கத்திலிருந்து அவ்வப்போது செய்தித்தாளைத் திருப்பும் சத்தமும், ஒரு தடவை டம்ளரை வைக்கும் சத்தமும் வந்தன. கடைசியில் பாலிஷ் துணியைப் போட்டுவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நகத்தைக் கதவின் மேல் இழுத்தாள். கண்ணாடி மாதிரி வழுக்கிக்கொண்டு போனது.

மாட்டவில்லை.

"முடிஞ்சுதுங்க," என்றாள். சிரிப்புகூட வந்தது. "மாட்டலைங்க. வந்து பாருங்க, சுத்தமாப் போயிடுச்சு."

நாற்காலி நகர்ந்தது. அவர் எழுந்தார். தாழ்ப்பாளில் கை வைக்கும் சத்தம்.

நின்றது.

"அப்ப அது என்ன?" என்றார்.

அவளுக்கும் கேட்டது. ஷட்டரிலிருந்து. சர்ரக்.

"ஷட்டரை ஏன் கீறற?"

"நான் இல்லைங்க."

"உள்ள நீ மட்டும்தானே இருக்க."

அவள் காரின் இந்தப் பக்கம் நின்றிருந்தாள். ஷட்டர் ஐந்தடி தள்ளி இருந்தது. இரண்டு கைகளையும், யாரோ பார்க்கிற மாதிரி, தலைக்கு மேல் தூக்கிக்கொண்டாள். ஷட்டரில், தோள் உயரத்தில், பச்சைப் பெயிண்ட் தானாகப் பிளந்தது. நான்கு கோடுகள். மெதுவாகக் கீழே இறங்கின. பெயிண்ட் சுருள் சுருளாகத் தரையில் உதிர்ந்தது.

"சத்தியமா நான் இல்லைங்க. கையை மேல தூக்கிட்டு நிக்கிறேன். திறந்து பாருங்க."

"நிறுத்தும்மா."

சர்ரக். சர்ரக்.

"நான் இல்ல..."

"இருட்டுல இருந்தா கை சும்மா இருக்கும்," என்றார். சுவிட்ச் சொடுக்கியது.

இருட்டு. டியூப் லைட்டின் இரைச்சலும் போனது. இப்போது ஷெட்டில் ஒரே ஒரு சத்தம். ஷட்டரில் இருந்தது. பிறகு சுவரில். பிறகு காரின் பின் கதவில், அவள் இவ்வளவு நேரம் தேய்த்த இடத்தில். அவள் செய்த வேலை முழுவதும் அங்கே கிழிந்துகொண்டிருந்தது. அது நிற்காதவரை அவர் திறக்கமாட்டார். அது நிற்காது.

அவரிடம் கெஞ்சிப் பயனில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு முழுதாக உறைத்தது. இருட்டில் திரும்பி, சத்தம் வந்த பக்கம் பார்த்து, கை கூப்பினாள்.

"அக்கா," என்றாள்.

சத்தம் நின்றது.

அவருக்கு முதலில் வாழ்க்கைப்பட்டவளை வேறு என்னவென்று கூப்பிடுவது. பார்த்ததில்லை, பேசியதில்லை. ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே.

"அக்கா, போதும்க்கா. உங்களை என்ன பண்ணினாருன்னு எனக்குத் தெரியாது. நான் உங்களுக்கு ஒண்ணும் பண்ணல. உங்களுக்கும் வெளிய போகணும், எனக்கும் வெளிய போகணும். இப்படிக் கீறினா ரெண்டு பேருக்கும் திறக்க மாட்டாருக்கா." பயத்துக்கு நடுவே, அவளே எதிர்பாராமல், அந்தப் பெண்மேல் பெரிய இரக்கம் பொங்கிவந்தது. மூன்று தடவை கடைக்குப் போய் அழுதவள். "அதுக்குள்ள ஏன் இருக்கீங்க. வெளிய வாங்கக்கா."

காரின் பக்கமிருந்து ஈரப் பெயிண்ட் வாசனை மட்டும் திடீரென்று கூடியது.

ஒரு கை அவள் கையைப் பிடித்தது.

குளிர்ந்த கை. சின்னக் கை. பள்ளத்திலிருந்து ஏறுகிறவள் பிடிப்பது மாதிரிப் பிடித்தது. அவளும் இழுத்தாள். விழுந்துகிடப்பவர்கள் கை நீட்டினால் யாரும் செய்வதுதான். பலம்கொண்ட மட்டும் இழுத்தாள். எதிர்ப்பக்கமும் இழுத்தது. ஒரு கணம் இருவர் பலமும் சரிக்குச் சரியாக நின்றது. பிறகு ஏதோ வழுக்கியது. அவள் முன்னால் போனாள். முகத்தில் வழவழவென்று குளிர்ச்சியாக ஏதோ பட்டு, பின்னால் மூடிக்கொண்டது.

"யாருகிட்டப் பேசற?" அவர் குரல். தண்ணீருக்கு மேலிருந்து வருகிற மாதிரி, வெகு தூரத்தில்.

இல்லைங்க, என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

"யாரும் இல்லைங்க," என்றது அவளுடைய குரல். அவள் வாயிலிருந்து அல்ல. நடைக் கதவுக்குப் பக்கத்திலிருந்து. "எல்லாம் முடிஞ்சுது. திறங்க."

தாழ்ப்பாள் விலகியது. நடையின் வெளிச்சம் ஷெட்டுக்குள் நீளமாக விழுந்தது. அவள் கண்ணுக்கு எல்லாம் கரும்பச்சையாகத் தெரிந்தது. அவர் முகம், சுவர், ஒரு கோடுகூட இல்லாத ஷட்டர், பக்கெட், தரை எல்லாம். வாசலில் ஒரு பெண் நின்றாள். காலையில் அவள் உடுத்திய அதே உடை. அவளுடைய பின்னல். முழங்கையில் அவளுக்கு வழிந்த பச்சைக் கறை. அவர் அந்தப் பெண்ணின் முகத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு காரைச் சுற்றி வந்து, பின் கதவின் அருகே குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையை அதன்மேல் பதித்து, மேலும் கீழும் தடவினார். அந்தக் கையின் சூடு அவள் முகத்தின் மேல், கழுத்தின் மேல், நெஞ்சின் மேல் நகர்ந்தது.

"பரவாயில்லயே," என்றார். "இருந்த இடமே தெரியல."

அவள் கத்தினாள். இரண்டு கைகளையும் மடக்கி முன்னால் இருந்ததை ஓங்கி அடித்தாள். அடித்தாள். முட்டி பெயர அடித்தாள். மடக்கிய விரல்களை விரித்து, நகங்களால் பிறாண்டினாள்.

அவர் எழுந்து நடைக்குப் போய்விட்டார். அந்தப் பெண் கதவைப் பாதி சாத்திவிட்டு, கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். வெளிச்சம் ஒரு கீற்றாகச் சுருங்கியது.

"அது என்ன, இன்னும் ஏதோ சர்ருங்குது?" என்று அவர் கேட்பது கேட்டது.

"ஒரு கீறல் மிச்சம் இருக்குதுங்க," என்றாள் அந்தப் பெண். "நாளைக்குத் தேய்ச்சுடறேன்."